கவிழ்த்தது யாரு? பட்ஜெட்டும் பழியும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வழக்கம்போல பட்டாபிராம்ல நம்ம மொட்டைமாடி ரூம்ல இருந்துதான் ரெக்கார்டிங். நடுவுல திருவள்ளூர் லோக்கல் போற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. எடிட்ல முடிஞ்ச அளவு எடுத்திருக்கேன்.

போன மாசம் ஆவடியில ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்திக்கு இன்னும் இலை போடல. சும்மா உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் சித்தப்பாவும் அரசியலை ஆரம்பிச்சுட்டாங்க. டாபிக் என்ன தெரியுமா? 1999-ல வாஜ்பாய் ஆட்சி ஒரே ஒரு ஓட்டுல கவிழ்ந்தது.

"டேய், அந்தம்மா ஆதரவை வாபஸ் வாங்கலன்னா ஓட்டெடுப்பே வந்திருக்காதுடா" – இது பெரியப்பா.

"இல்லண்ணே, அந்த ஒரிசா முதலமைச்சர் டெல்லிக்கு வராம இருந்திருந்தா ஆட்சி தப்பிச்சிருக்கும்ணே" – இது சித்தப்பா.

எனக்கு அப்போ ரெண்டு வயசு. இன்னைக்கு எனக்கே பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரல.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு 'கிட் பிளேம்' தெரியும். தெரியாதவங்களுக்கு: ஒரு கோட் ஃபைல்ல ஒவ்வொரு வரியையும் கடைசியா தொட்டது யாருன்னு பேர் போட்டுக் காட்டுற கமாண்ட். புரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா முதல்ல அதைத்தான் ஓட்டுவோம். ஆனா ஆறு மாசம் வேலை பார்த்தவங்களுக்கே தெரியும், கடைசியா தொட்டவன்தான் பக்குக்குக் காரணம்னு சொல்ல முடியாது. பாவம், அவன் ரெண்டு ஸ்பேஸ் சரி பண்ணிட்டுப் போயிருப்பான். உண்மையான கோளாறு மூணு வருஷத்துக்கு முன்னாடி வேற யாரோ எழுதினதா இருக்கும்.

மைனாரிட்டி அரசு கவிழும்போதும் நாம கிட் பிளேம்தான் ஓட்டுறோம். கடைசி ஓட்டு யாருது, அவன் பேரைப் போடு, முடிஞ்சது. இது சரியான முறையா? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான்.

மைனாரிட்டின்னா திட்டு இல்ல

தமிழ்நாட்டுல வளர்ந்தவங்களுக்கு 'மைனாரிட்டி அரசு'ங்கிற வார்த்தையே ஒரு திட்டு மாதிரிதான் அறிமுகம். 2006 தேர்தல்ல 234 இடத்துல தி.மு.க.வுக்குக் கிடைச்சது 96. பெரும்பான்மைக்கு 118 வேணும். காங்கிரஸ், பா.ம.க., இடதுசாரிகள் எல்லாம் வெளியில இருந்து ஆதரவு கொடுத்தாங்க. அஞ்சு வருஷமும் ஜெயலலிதா அறிக்கைகள்ல 'மைனாரிட்டி தி.மு.க. அரசு'ன்னுதான் வரும். ஆனா அந்த அரசு ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் போட்டுது, நிறைவேத்துச்சு, அஞ்சு வருஷத்தையும் முடிச்சுது. அதனால மைனாரிட்டியா இருக்கிறதே ஒரு கோளாறுன்னு சொல்ல முடியாது.

அப்புறம் ஏன் பட்ஜெட் நேரத்துல மட்டும் எல்லாருக்கும் வயித்தைக் கலக்குது? சாதாரண மசோதா தோத்தா அந்த மசோதா மட்டும்தான் போகும். பட்ஜெட் அப்படி இல்ல. அவையோட ஒப்புதல் இல்லாம அரசு தொகுப்பு நிதியில இருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. சம்பளம், பென்ஷன், ரேஷன் மானியம் எல்லாமே அந்த ஒப்புதல்ல தொங்குது. அதனாலதான் பட்ஜெட் ஓட்டெடுப்புல தோத்தா அரசு ராஜினாமா பண்ணணும்ங்கிறது நாடாளுமன்ற மரபு. முழு பட்ஜெட்டுக்கு நேரம் இல்லன்னா, சில மாசச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்குறதுக்கு 'வோட் ஆன் அக்கவுன்ட்'னு ஒரு வழி இருக்கு. இந்த வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

நம்ம மக்களவையில மத்திய பட்ஜெட் ஓட்டெடுப்புல தோத்ததே கிடையாது. மாநிலங்கள்ல ரொம்பக் கிட்ட வந்தது உத்தராகண்ட். 2016 மார்ச் 18. ஆளும் காங்கிரஸ்ல 9 எம்.எல்.ஏ.க்கள் பா.ஜ.க.வோட சேர்ந்துக்கிட்டு, நிதி ஒதுக்க மசோதாவுக்கு ஓட்டு எண்ணியே ஆகணும்னு நின்னாங்க. சபாநாயகர் குரல் வாக்கெடுப்புலயே நிறைவேறிடுச்சுன்னு அறிவிச்சுட்டார். பட்ஜெட் தோத்துடுச்சுன்னு ஒரு தரப்பு, ஜெயிச்சிடுச்சுன்னு ஒரு தரப்பு. எண்ணவே இல்லாதப்போ யாரு சொல்றதை நம்புறது? மார்ச் 27-ல குடியரசுத் தலைவர் ஆட்சி, அப்புறம் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட். கடைசியில மே 10-ல கோர்ட் சொல்லி நடந்த ஓட்டெடுப்புல முதல்வர் ஹரீஷ் ராவத் 33-க்கு 28னு ஜெயிச்சார். அந்த 9 பேரும் பதவி இழந்திருந்ததால ஓட்டே போட முடியல. யாரு அரசியல் சட்டத்தைக் கொன்னதுன்னு ரெண்டு பக்கமும் அடுத்த தேர்தல் வரைக்கும் திட்டிக்கிட்டாங்க.

இது பழியோட சின்ன வடிவம். பெரிய வடிவம் 1991.

1991: போடவே விடாத பட்ஜெட்

1990 நவம்பர்ல வி.பி.சிங் ஆட்சி கவிழ்ந்ததும் சந்திரசேகர் பிரதமர் ஆனார். அவர் பக்கம் இருந்தது அறுபது சொச்சம் எம்.பி.க்கள்தான். ராஜீவ் காந்தியோட காங்கிரஸுக்குக் கிட்டத்தட்ட 200 பேர், வெளியில இருந்து ஆதரவு. யோசிச்சுப் பாருங்க. 200 பேர் வெளியில நிக்கிறாங்க, 60 பேர் உள்ள உட்கார்ந்து நாட்டை நடத்துறாங்க. வண்டி ஓட்டுறது ஒருத்தர், பிரேக்ல கால் வெச்சிருக்கிறது இன்னொருத்தர்.

நேரமும் மோசம். 1990 ஆகஸ்ட்ல சதாம் உசேன் குவைத்துக்குள்ள நுழைஞ்சதும் கச்சா எண்ணெய் விலை எகிறிடுச்சு. வளைகுடாவுல வேலை பார்த்த நம்ம ஆளுங்க எல்லாத்தையும் விட்டுட்டு ஊர் திரும்பினாங்க. எண்பதுகள்ல அரசு வாங்கின கடன் ஏற்கெனவே கழுத்து வரைக்கும். 1991-ல ஒரு கட்டத்துல கையில இருந்த டாலர் சுமார் மூணு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும்ங்கிற நிலைமை. ரூபாயை நாமளே அச்சடிச்சுக்கலாம், டாலரை முடியாது. ஐ.எம்.எஃப்.கிட்ட மேல கடன் வேணும்னா, செலவைக் குறைக்கிறோம்னு ஒரு உருப்படியான பட்ஜெட்டைக் காட்டியாகணும்.

நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. இந்தப் பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. முழு பட்ஜெட் போட நான் தயாரா இருந்தேன், காங்கிரஸ் விடலன்னு பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கார். கடைசியில மார்ச் 4-ம் தேதி அவரால தாக்கல் பண்ண முடிஞ்சது இடைக்கால பட்ஜெட் மட்டும்தான். ரெண்டே நாள்ல, மார்ச் 6-ல, சந்திரசேகர் ராஜினாமா. காரணமாச் சொல்லப்பட்டது பட்ஜெட்டே கிடையாது. ராஜீவ் வீட்டு வாசல்ல ஹரியானா போலீஸ் கான்ஸ்டபிள்கள் ரெண்டு பேர் வேவு பார்த்தாங்கங்கிற சண்டை.

வோட் ஆன் அக்கவுன்ட் நிறைவேறிச்சு, அதனால சம்பளம் நிக்கல. அந்த அளவுக்கு எல்லாருமே பொறுப்பா நடந்துக்கிட்டாங்க. ஆனா கடன் கொடுக்கிறவங்க எதிர்பார்த்த கொள்கை முடிவு வரல. புதுசா பணம் வரல. மே மாசம், ராஜினாமா பண்ணிட்டு காபந்து அரசா இருந்த சந்திரசேகர் அரசு, கடத்தல்காரங்ககிட்ட பிடிச்ச தங்கத்துல 20 டன்னை ஸ்விட்சர்லாந்து வங்கிக்கு வித்துது, திரும்ப வாங்கிக்கலாம்ங்கிற நிபந்தனையோட. ஜூலையில, அடுத்த அரசு வந்த பிறகு, ரிசர்வ் வங்கியோட தங்கம் சுமார் 47 டன் லண்டனுக்கு விமானத்துல போச்சு. கிடைச்சது சுமார் 40 கோடி டாலர்.

நம்ம ஏரியாவுல இதை விளக்கவே வேண்டாம். ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட பேங்க்ல நகைக்கடன் கியூவுல நின்ன அம்மாக்களுக்கு இது என்ன உணர்வுன்னு தெரியும். நாடே அந்த கியூவுல நின்னுச்சு.

சரி, கிட் பிளேம் ஓட்டுவோம். கடைசியா தொட்டது யாரு? தங்கத்தை வித்த சின்ஹா. அடுத்து நரசிம்ம ராவ் அரசு. இவங்க ரெண்டு பேரும் கோளாறை உண்டாக்கினவங்களா? எண்பதுகளோட கடனுக்குக் காரணம் அதுக்கு முந்தின அரசுகள். எண்ணெய் விலைக்குக் காரணம் சதாம். மார்ச் மாசம் கதவைச் சாத்தினது காங்கிரஸ். காங்கிரஸ் பக்கம் நின்னு பார்த்தா அதுக்கும் ஒரு வாதம் இருக்கு: 60 எம்.பி. வெச்சிருக்கிற அரசு நாட்டோட பல வருஷத் தலையெழுத்தை எப்படி முடிவு பண்ணலாம்? வாதம் சரி. ஆனா அந்த 60 பேரை நாற்காலியில உட்கார வெச்சதே அவங்கதானே?

பழி கேட்காத தேர்தல்

ஜனநாயகத்துல இந்தக் கணக்கைத் தீர்க்கிறது தேர்தல்தான். 1991-ல அது நடக்கல. ஏன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பட்டாபிராம்ல இருந்து திருமழிசை போய் பெங்களூர் ஹைவேயைப் பிடிச்சா ஸ்ரீபெரும்புதூர் பைக்ல ஒரு மணி நேரம்தான். 1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தி அங்கதான் கொல்லப்பட்டார். நடுவுல நின்ன தேர்தல் ஜூன்ல முடிஞ்சது. தமிழ்நாட்டுல 39 மக்களவைத் தொகுதியும் அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டணிக்கு. கூடவே நடந்த சட்டமன்றத் தேர்தல்ல தி.மு.க.வுக்கு 2 இடம்.

துக்கத்துலயும் கோபத்துலயும் போட்ட ஓட்டு அது. அந்த நேரத்துல வேற எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனா மார்ச்ல பட்ஜெட்டை ஏன் நிறுத்தினீங்கங்கிற கேள்வி அதோட புதைஞ்சு போச்சு.

இதுல இன்னொரு முரண் இருக்கு. ஜூலை 24-ல மன்மோகன் சிங் போட்டாரே, இந்தியப் பொருளாதாரத்தையே திருப்பிப் போட்ட பட்ஜெட், அதுவும் மைனாரிட்டி அரசோட பட்ஜெட்தான். நரசிம்ம ராவுக்கு அப்போ தனிப் பெரும்பான்மை கிடையாது. உர விலையை 40 சதவீதம் ஏத்துறோம்னு சொன்னாங்க. எதிர்க்கட்சிகள் மட்டும் இல்லாம சொந்தக் கட்சிக்குள்ளயே எதிர்ப்பு. 30 சதவீதமாக் குறைச்சாங்க, சிறு விவசாயிகளுக்கு விலக்கு கொடுத்தாங்க, பட்ஜெட் நிறைவேறிச்சு.

மார்ச்லயும் மைனாரிட்டி, ஜூலையிலயும் மைனாரிட்டி. ஒண்ணு போடவே முடியல, இன்னொண்ணு நாட்டோட திசையையே மாத்துச்சு. 2024 நவம்பர்ல நம்ம பட்டாபிராம்லயே டைடல் பார்க் திறந்தாங்களே, அதுக்குப் போற பாதை அந்த ஜூலையில ஆரம்பிக்குதுன்னு சொன்னா பெருசா தப்பில்ல. அரசுக்கு எத்தனை சீட்டுங்கிறதைத் தாண்டி, அவைக்குள்ள மத்தவங்க என்ன முடிவு எடுத்தாங்கங்கிறதுலதான் வித்தியாசம்.

1999: கவிழ்த்தாங்க, ஆனா...

இப்போ கல்யாண மண்டபத்துக்கு வருவோம். வாஜ்பாய் அரசும் கூட்டணியை நம்பின அரசு. அ.தி.மு.க.வுக்கு 18 எம்.பி. 1999 ஏப்ரல்ல ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கினார். ஏப்ரல் 17-ல நம்பிக்கை ஓட்டெடுப்பு: ஆதரவு 269, எதிர்ப்பு 270.

பழி சொல்ல ஆள் வரிசையில நின்னாங்க. ஜெயலலிதா ஒண்ணு. ஒரிசா முதல்வர் ஆன பிறகும் எம்.பி. பதவியை விடாம வந்து எதிர்த்து ஓட்டுப் போட்ட கிரிதர் கமாங் ரெண்டு. தன் கட்சி அரசுக்கு ஆதரவுன்னு சொல்லியும் எதிர்த்துப் போட்ட சைபுதீன் சோஸ் மூணு. கடைசி நேரத்துல எதிரா வந்த மாயாவதி நாலு. ஒரே ஓட்டுல தோத்தா எதிர்த்து ஓட்டுப் போட்ட 270 பேருமே 'அந்த ஒருத்தர்'தான். அதனாலதான் பெரியப்பா – சித்தப்பா சண்டைக்கு முடிவே இல்ல. சித்தப்பா சொல்ற மாதிரி கமாங் வரலன்னா 269-க்கு 269. அப்போ சபாநாயகர் பாலயோகியோட ஓட்டுதான் தீர்மானிச்சிருக்கும். அவர் அரசை ஆதரிச்ச தெலுங்கு தேசம் கட்சிக்காரர்.

கவிழ்த்த தரப்பால மாத்து அரசு அமைக்க முடிஞ்சதா? 272 பேர் இருக்காங்கன்னு சோனியா காந்தி சொன்னார், முலாயம் சிங் ஆதரவு தர மறுத்துட்டார், முடிஞ்சது கதை. ஏப்ரல் 26-ல மக்களவை கலைப்பு.

பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசாத ஒண்ணு இதுக்கு நடுவுல நடந்தது. அந்த வருஷ பட்ஜெட் பிப்ரவரி 27-லயே தாக்கல் ஆகி, நிறைவேறாம கிடந்தது. போட்ட நிதியமைச்சர் யாரு? அதே யஷ்வந்த் சின்ஹா. எட்டு வருஷத்துக்கு அப்புறம் அதே மனுஷன், அதே நிலைமை. ஆனா இந்த முறை ஆட்சியைக் கவிழ்த்தவங்களும் கவிழ்ந்தவங்களும் சேர்ந்து, அவை கலையறதுக்கு முன்னாடி, விவாதமே இல்லாம அந்த பட்ஜெட்டை நிறைவேத்தினாங்க. அடுத்த மாசமே கார்கில் சண்டை வந்துச்சு. பட்ஜெட் இல்லாத நாடா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

விவாதம் இல்லாம பட்ஜெட் நிறைவேறுறது ஒண்ணும் பெருமையான விஷயம் கிடையாது. ஆனா ஆட்சியைக் கவிழ்க்கிறது வேற, பட்ஜெட்டைக் கவிழ்க்கிறது வேறங்கிற அந்தப் பிரிவினை அன்னைக்கு எல்லாருக்கும் புரிஞ்சிருந்தது.

பழிக்கும் ஒரு தீர்ப்பு வந்துச்சு. அந்த வருஷத் தேர்தல்ல தமிழ்நாட்டுல தி.மு.க. – பா.ஜ.க. அணிக்கு 26, எதிரணிக்கு 13. கவிழ்த்ததுக்கு மட்டுமே போட்ட ஓட்டுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஏப்ரல் எல்லா மேடையிலயும் பேசப்பட்டது.

லிஸ்பன்ல இருந்து ஒரு பாடம்

பட்ஜெட் நேரடியா ஓட்டெடுப்புல விழுந்தா என்ன ஆகும்? போர்ச்சுகலைப் பாருங்க. அன்டோனியோ கோஸ்டாவோட சோஷலிஸ்ட் மைனாரிட்டி அரசு. 2021 அக்டோபர் 27-ல பட்ஜெட்டுக்கு எதிரா 117, ஆதரவா 108. வலதுசாரிகளோட சேர்ந்து அதுவரைக்கும் அரசைத் தாங்கின இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தாங்க. சம்பளமும் சுகாதாரத்துக்கான பணமும் போதலங்கிறது அவங்க குறை. அந்தக் குறையில நியாயமும் இருக்கலாம். 2022 ஜனவரியில தேர்தல். கோஸ்டாவுக்கு 230-ல 120, தனிப் பெரும்பான்மை. இடது பிளாக் 19-ல இருந்து 5-க்கும், கம்யூனிஸ்ட் அணி 12-ல இருந்து 6-க்கும் இறங்கிடுச்சு.

மக்கள் கிட் பிளேம் ஓட்டிட்டாங்க. கடைசியா தொட்டவங்களுக்கு அடி. பேரத்துல கோஸ்டாவும் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாமே, தேர்தல் வந்தா நமக்குத்தான் லாபம்னு கணக்குப் போட்டாரோன்னு கேட்டவங்களும் உண்டு. அந்தக் கேள்வி ஓட்டுப் பெட்டிக்குள்ள போகல.

அப்போ யாரைக் கேட்கிறது?

இதுக்கு நான் வெச்சிருக்கிற முறை இது. கடைசி ஓட்டு யாருதுன்னு கேட்கிறதை விட்டுட்டு ரெண்டு விஷயம் பார்ப்பேன். அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் போதுமான எண்ணிக்கையை யாரு கையில வெச்சிருந்தாங்க? சாத்தினதுக்கு அடுத்த நாள் நாட்டோட செலவுக்கு என்ன வழி பண்ணிட்டுப் போனாங்க?

1991 மார்ச்சுக்கு இதைப் போட்டா, பெரும்பங்கு வெளியில நின்ன 200 பேர்கிட்ட போகும், முழுசா இல்ல. 1999-க்குப் போட்டா, ஆட்சியைக் கவிழ்த்த பழி இருக்கும், நாட்டைக் கவிழ்த்த பழி யாருக்கும் இல்ல. வெளியில இருந்து ஆதரவுன்னு யாராவது மைக்ல சொன்னா, இனிமே எனக்கு முதல்ல தோணுறது ஒண்ணுதான்: பட்ஜெட் அன்னைக்கு நீங்க எங்க நிப்பீங்க? இதை ஆட்சி அமையுற அன்னைக்கே கேட்டு எழுதி வாங்கணும். கவிழ்ந்த அன்னைக்குக் கேட்டா எல்லார்கிட்டயும் பதில் ரெடியா இருக்கும்.

இதையெல்லாம் அன்னைக்குப் பந்தியில பெரியப்பா, சித்தப்பாகிட்டயும் சொன்னேன். ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டே பொறுமையாக் கேட்டாங்க. பாயாசம் வந்ததும் பெரியப்பா சொன்னார்: "நல்லாத்தான் பேசுற. ஆனா அந்தம்மா வாபஸ் வாங்கலன்னா ஓட்டெடுப்பே வந்திருக்காதுல்ல?"

அவ்ளோதான் மக்களே. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க, 1999-ல கவிழ்த்தது யாருன்னு. என்ன பதில் வருதுன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன்.